புதுப்பிப்பு: பியோனா புயலும் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் என் பாரோமீட்டரும்

என் பாரோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) விமான நிலைய அளவைவிட 10 மில்லிபார் (அழுத்த அலகு) குறைத்துக் காட்டுகிறதே, பழுதா என்று புயலுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பழுதே இல்லை. கடல்மட்டத் திருத்தம் (விமான நிலைய அளவைப் போலவே, கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு காட்டும் என்று மாற்றுவது) போடச் சொன்னவர் சொன்னதுதான் சரி: வீடு சுமார் 80 மீட்டர் உயரத்தில், எட்டு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மில்லிபார் குறையும், உயரத்தை அமைப்பில் கொடுத்ததும் வித்தியாசம் அரை மில்லிபாருக்குள் வந்துவிட்டது. (புதுசு வாங்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் காசு போயிருக்கும்.)

எதிர்பாராதது: 2022 செப்டம்பர் 24 அதிகாலை மின்சாரம் போனதும் பதிவும் நின்றுவிட்டது, அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் கால் மணிக்கொரு தரம் பென்சிலால் எழுதினேன். அழுத்தம் ஏற ஆரம்பித்த பிறகுதான் காற்று இன்னும் வலுத்தது. புயல் கிழக்கே கான்சோ ஊர்ப் பக்கம் கரையேறியபோது அதன் மைய அழுத்தம் சுமார் 931 மில்லிபார், கனடாவில் கரையேறிய புயல்களில் பதிவானதிலேயே அதுதான் குறைவு.