கோப்பி விரியன் கடிச்சா மருந்தே இல்லையா?

வெள்ளவத்தைப் பிள்ளை:
ஹோமாகமவில மாமி வீட்டு முத்தத்தில சருகு அள்ளேக்க அப்பாவுக்குக் கால் பெருவிரல்ல கடிச்சிட்டுது. ஆஸ்பத்திரியில விஷமுறிவு மருந்து ஏத்தேல்ல. கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து 20 நிமிசம் அசைக்காம வச்சு, சரிச்சுப் பாத்திச்சினம். அவ்வளவுதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வாட்டுக்காரன்:
தங்கச்சி, ரத்தம் உறையாமத் தண்ணியா ஓடினா விஷம் வேலை செய்யுது எண்டு அர்த்தம். அதுக்குத்தான் அந்தக் குழாய். இந்தியாவில இருந்து வாற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கோப்பி விரியனுக்குக் கேக்காது. சும்மா ஏத்தினா ஒவ்வாமைதான் மிச்சம், அதுவும் லேசுப்பட்டதில்லை. 2011-இல வந்த இலங்கை ஆய்வில, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்களை வச்சுப் பாத்து, மருந்துக்கு முன்னம் கொஞ்சமா அட்ரினலின் போட்டாக் கடுமையான ஒவ்வாமை குறையுது எண்டு கண்டவை.
அப்பாவுக்கு மூத்திரம் குறையுதோ? சிலருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

கொட்டாஞ்சேனை அன்ரி:
எங்கட அயலில விஷக்கல்லு வைக்கிற ஒராள் இருக்கிறார்.

வாட்டுக்காரன்:
அன்ரி, வேண்டாம்.

வெள்ளவத்தைப் பிள்ளை:
மூத்திரம் போகுது அண்ணா. வீக்கம் மட்டும் கணுக்கால் வரைக்கும். நாளைக்குத் திரும்ப ரத்தம் எடுக்கினமாம்.