உதவி தேவை: ரியாக்ட் ஸ்டேட்டுக்கு டைப் கொடுத்தும் சதுர அடிக் கூட்டல் தப்பாக வருகிறது

ஆம்பூரான்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவின் தோல் கடைக்கு இருப்புக் கணக்குப் பக்கம் ஒன்று எழுதுகிறேன். பக்கத்துக்கு ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட்; பின்னால் சர்வருக்கு நோடும் டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரஸும். தோலை எண்ணிக்கையில் விற்பதில்லை, சதுர அடியில்தான் விற்பார்கள். ஒவ்வொரு தோலின் பின்புறமும் 12.25, 9.5 என்று எழுதியிருக்கும். அதைக் கூட்டிக் காட்டுவதுதான் இந்தப் பக்கத்தின் முக்கிய வேலை.

தோல் பட்டியலை வைக்கும் ஸ்டேட்டுக்கு (பக்கம் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) யூஸ்ஸ்டேட்டில் காலி அரே, அதாவது காலிப் பட்டியல் கொடுத்தேன். மேப் செய்து பரப்பளவை எடுக்கும் இடத்தில் 'நெவர் டைப்பில் அப்படி ஒரு ப்ராப்பர்ட்டி இல்லை' என்று சிவப்புக் கோடு. இரண்டு நாள் போராடிவிட்டு எல்லா இடத்திலும் எனி (any, எந்த டைப்பும் சரி) போட்டேன். கோடு போய்விட்டது. ஆனால் இரண்டு தோலின் மொத்தம் 21.75 வர வேண்டிய இடத்தில் 012.259.5 என்று வருகிறது. சனிக்கிழமை சித்தப்பாவிடம் காட்ட வேண்டும். உதவுங்கள்.

பாலாற்றங்கரை:
டைப்ஸ்கிரிப்டின் கண்டிப்பான சோதனையான ஸ்ட்ரிக்டை அணைத்துவிட்டால் இந்தச் சிவப்புக் கோடெல்லாம் வராது, தம்பி. மதிப்பைச் சோதிக்க, பக்கம் ஓடும்போதே பார்க்கும் ரியாக்டின் பழைய ப்ராப்டைப்ஸ் போதும்.

காட்பாடிக்காரி:
தம்பி, ஸ்ட்ரிக்டை அணைக்காதீர்கள். உங்களுக்கு இப்போது இருக்கும் ஒரே காவல் அதுதான். ப்ராப்டைப்ஸும் உதவாது. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 அந்தச் சோதனையைக் கண்டுகொள்வதே இல்லை, எச்சரிக்கை கூட வராது.

முதலில் நெவர். காலி அரேயைப் பார்த்து உள்ளே என்ன வரும் என்று டைப்ஸ்கிரிப்டால் ஊகிக்க முடியாது, அதனால் 'எதுவுமே வராது' என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தோலுக்கான டைப்பைத் தனியாக எழுதுங்கள். பிறகு யூஸ்ஸ்டேட்டை ஒட்டி, கோண அடைப்புக்குள் அந்த டைப்பின் பெயரும் அதை அடுத்துக் காலிச் சதுர அடைப்பும் வர வேண்டும். தேர்ந்தெடுத்த தோல் என்று ஒரு ஸ்டேட் வைத்திருந்தால் அதற்குத் தோல் அல்லது நல் (null, மதிப்பு இல்லை) என்று யூனியன், அதாவது 'இதுவோ அதுவோ' டைப் கொடுங்கள். நல் மட்டும் கொடுத்துத் தொடங்கினால், கடைசி வரை நல் தவிர வேறெதையும் வைக்க விடாது.

வெட் ப்ளூ, க்ரஸ்ட், ஃபினிஷ்டு என்று தோல் பதனிட்ட நிலையைக் காட்டும் ப்ராப் (காம்பொனென்ட்டுக்கு அனுப்பும் மதிப்பு) இருக்கும் இல்லையா? அதை வெறும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று விடாமல் அந்த மூன்று சொற்களின் யூனியனாக எழுதுங்கள். ஒரு எழுத்து தப்பினாலும் எடிட்டரே பிடித்துக்கொடுக்கும். எனக்கு டைப்ஸ்கிரிப்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

கூட்டல் வேறு விஷயம். பரப்பளவு என்ன டைப்பில் வருகிறது என்று கன்சோலில் டைப்ஆஃப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆம்பூரான்:
பார்த்தேன் அக்கா. ஸ்ட்ரிங் என்கிறது! இப்போது எனியை எடுத்துவிட்டு டைப்பில் நம்பர் என்றுதான் எழுதியிருக்கிறேன். சிவப்புக் கோடு எதுவும் இல்லை, ஆனால் மொத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. எப்படி?

காட்பாடிக்காரி:
டேட்டாபேஸில் பரப்பளவு நெடுவரிசையின் டைப் நியூமெரிக் (தசம எண்) என்று இருக்கும். நோடுக்கான போஸ்ட்கிரஸ் டிரைவர் நியூமெரிக்கை ஸ்ட்ரிங்காகத்தான் தரும். தசம இலக்கங்கள் சிதையக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தோடு ஸ்ட்ரிங்கைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டிவிடும். முன்னால் ஒரு 0 நிற்பது அதனால்தான்.

நீங்கள் எழுதிய டைப் பிரவுசருக்குப் போவதே இல்லை. கம்பைல் ஆகும்போதே அழிந்துவிடும். சர்வரிலிருந்து ஃபெட்ச் செய்து, வந்த ஜேசனைப் பிரித்ததும் கிடைப்பது எனி. அதை எந்த டைப்பில் வைத்தாலும் டைப்ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காது. நம்பர் என்று நீங்கள் சொன்னீர்கள், அது நம்பிவிட்டது.

அதனால் தரவு உள்ளே நுழையும் அந்த ஒரே இடத்தில் மாற்றுங்கள். வருவதை அன்நோன் (unknown, சோதிக்காமல் பயன்படுத்த விடாத டைப்) என்று வாங்கி, சரிபார்த்து, பரப்பளவை நம்பராக்கி, அப்புறம் ஸ்டேட்டில் வையுங்கள். கூட்டும் இடத்தில் ஒருமுறை, காட்டும் இடத்தில் ஒருமுறை என்று நம்பராக மாற்றும் வரியைத் தூவ வேண்டாம். கால் அடி, அரை அடிக் கணக்கு என்றால் நம்பரில் துல்லியம் போகாது. ரூபாய்க் கணக்கை மட்டும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரை:
ரியாக்ட் 19 விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஸ்ட்ரிக்ட் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன், தம்பி.

ஆம்பூரான்:
21.75 வந்துவிட்டது! கோடி நன்றி அக்கா.

சரிபார்க்கும்போது இன்னொன்றும் அகப்பட்டது. சில தோல்களுக்குப் பரப்பளவு காலியாக, நல் என்று இருந்தது. நல்லை நம்பராக்கினால் 0 வருகிறது, அதனால் அவை மொத்தத்தில் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். இப்போது டைப்பையே நம்பர் அல்லது நல் என்று மாற்றிவிட்டேன். உடனே கூட்டும் இடத்தில் சிவப்புக் கோடு வந்தது, இந்த முறை சந்தோஷமாக இருந்தது. அந்த வரிசைகளில் 'இன்னும் அளக்கவில்லை' என்று காட்டுகிறேன். சித்தப்பாவிடம் சொன்னேன், சனிக்கிழமை வரை காத்திராமல் இன்றே அந்தக் கட்டைப் பிரித்து அளக்கிறார்.