ஒரு மூலையை வெட்டினேன், துளைகள் இடம் மாறிவிட்டன: 2டிக்கே திரும்பிவிடவா?

கேள்வி:
பதினோரு வருடமாக ஆட்டோகேடில் 2டி படம் மட்டும் போட்டு வந்தவன் நான். ஒரே மாதிரி பிராக்கெட் எட்டு அளவுகளில் தேவைப்பட்டது, எட்டு முறை வரைவதற்குப் பதில் ஒருமுறை மாடல் செய்து எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று ஃப்ரீகேட் 0.21 என்ற 3டி மாடலிங் மென்பொருளை எடுத்தேன். தட்டு 120×80 மி.மீ., கனம் 6, எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. துளை நான்கு, கடைசியில் விளிம்புகளை வளைவாக்கும் ஃபில்லட். அதுவரை சரியாகத்தான் வந்தது. அப்புறம் மாடலுக்கு அடிப்படையான 2டி வரைவை, அதாவது முதல் ஸ்கெட்சைத் திறந்து ஒரு மூலையைக் கொஞ்சம் வெட்டினேன், அவ்வளவுதான்: துளைகளின் ஸ்கெட்ச் பக்கவாட்டு முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது, ஃபில்லட் பிழை காட்டுகிறது. இரண்டு நாளாக இதே வேலை. போட்ட கோடு போட்ட இடத்தில் இருக்கும் மென்பொருளுக்கே திரும்பிவிடவா?

பதில் 1:
துளை ஸ்கெட்சைத் தட்டின் மேல் முகத்தைக் கிளிக் செய்து அதன்மேல் வரைந்திருப்பீர்கள். ஃப்ரீகேட் 0.21 அந்த முகத்தை "முகம் 6" என்பது போல ஓர் எண்ணாகத்தான் நினைவில் வைக்கிறது. மூலையை வெட்டியதும் புதிய முகங்கள் வந்தன, எண்கள் மாறின, இப்போது 6 வேறொரு முகம். ஃபில்லட்டும் விளிம்பின் எண்ணைப் பிடித்துத் தொங்குவதால் அதே கதி. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள், முதலில் அதற்கு மாறுங்கள்.

ஆனாலும் பழக்கத்தை மாற்றுவதுதான் முக்கியம். துளை ஸ்கெட்சை, தட்டு எப்படி மாறினாலும் மாறாத மூல எக்ஸ்ஒய் தளத்தில் வைத்து, 6 மி.மீ. உயரத்தை ஆஃப்செட்டாகக் கொடுங்கள். துளைகளை நடு அச்சுக்குச் சமச்சீராகக் கட்டுங்கள், விளிம்பிலிருந்து 15 மி.மீ. என்பது போன்ற எண்களை ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர் கொடுத்து அங்கிருந்து எடுங்கள். ஸ்கெட்ச் முழுக்கப் பச்சையாகும் வரை மூடாதீர்கள். பச்சையாகாவிட்டால் எங்கோ ஒரு கோடு அளவோ இடமோ நிர்ணயிக்கப்படாமல், கட்டுப்பாடில்லாமல் இருக்கிறது, அளவை மாற்றும்போது அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபில்லட்டைக் கடைசியில் போட்டது நல்ல காரியம், அதை விடாதீர்கள்.

பதில் 2:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். ஒரே ஒரு தட்டு, லேசரில் வெட்டக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் 2டியில் வரைந்து டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பாகக் கொடுப்பதுதான் வேகம், அதற்கு மாடல் கட்டுவது வீண். உங்களுக்கு எட்டு அளவுகள், நாளைக்குப் பத்தாகலாம், அங்கே எண்ணை மாற்றினால் மாடலும் மாறும் இந்தப் பாராமெட்ரிக் முறையை விடாதீர்கள். அது பிடிக்கவே இல்லையென்றால், ஆட்டோகேடிலேயே 2010 பதிப்பிலிருந்து இணை, செங்குத்து, அளவு என்று கட்டுப்பாடுகள் போடும் வசதி உண்டு. 2டியிலேயே பழகியவருக்கு அது பாதிவழிப் பாலம் மாதிரி, பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

கேட்டவர்:
1.0 போட்டு, துளை ஸ்கெட்சை மூலத் தளத்துக்கு மாற்றினேன். மூலையை வெட்டினேன், துளைகள் நகரவில்லை! 120-ஐ 160 ஆக்கினேன், துளைகளும் கூடவே விலகி நின்றன. ஃபில்லட்டுக்கு மட்டும் விளிம்புகளை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மீதி ஏழு அளவுகளையும் இன்றே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றுகிறேன்.