2ஜியிலும் திறக்கும் கையெழுத்துப் பக்கம்: உதவி தேவை

தோழர்களே, இணையவழிக் கையெழுத்து இயக்கத்துக்கான பக்கம் தயாராகிறது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் போனில் அது திறக்க வேண்டும். கை கொடுங்கள்.

பக்கம் இப்போது 3 எம்பி. நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் இறங்க 4 நிமிடம் ஆகும். அதற்குள் இணைப்பு அறுந்துவிடும். எடையெல்லாம் படத்திலும் எழுத்துருவிலும்தான். போனிலேயே உள்ள தமிழ் எழுத்துருவை வைத்து, படங்களைக் குறைத்து, 100 கேபிக்குள் கொண்டுவர யாரால் முடியும்? அப்போது 8 நொடி போதும்.

கையெழுத்தை உறுதிசெய்ய போனுக்கு வரும் ஓடிபி இதைவிடப் பெரிய சிக்கல். வீட்டுக்கு ஒரே போன் என்றால், 'ஓர் எண்ணுக்கு ஒரு கையெழுத்து' என்ற விதி பெண்களைத்தான் முதலில் வெளியே தள்ளும். ஓர் எண்ணில் 5 பேரை அனுமதித்தால் போலிக் கையெழுத்தை எப்படிப் பிடிப்பது? செய்து பார்த்தவர்கள் விளக்குங்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ்தான் வழி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். 'கோரிக்கை' என்ற சொல் கண்ணுக்கு 4 எழுத்து; துணைக்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால் கணக்கில் 8. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகி, செலவும் இரட்டிப்பாகும். கோரிக்கையை 70க்குள் சுருக்கித் தர ஆள் வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே 30 நொடியில் தெளிவாகப் பேசிப் பதிந்து தர ஒரு குரலும் வேண்டும்.

திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பர்களே, படிவத்தில் பெயர் சொல்லாமல் வெறும் 'பட்டன்' என்று வாசிக்கும் இடங்களைக் குறித்து அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு பதிப்பையும் சேர்த்து எழுதுங்கள்.