கடற்கரைப் பாட்டும் கடல் இல்லாத மதுரையும்: நீங்கள் கேட்ட இடத்தைச் சொல்லுங்கள்

தல்லாகுளம் வாசி

சித்திரைப் பொருட்காட்சி ராட்டினம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தமுக்கத்தில் பொருட்காட்சி நடந்த ஒரு வருடம், அழகர் மலைக்குத் திரும்பி, கூட்டமும் வடிந்துவிட்ட ஒரு மாலையில் ராட்டினம் ஏறியிருந்தேன். ஆட்களை ஏற்றி இறக்குவதற்காக எங்கள் பெட்டியை உச்சியில் நிறுத்தியிருந்த நேரத்தில், கீழே ஒலிபெருக்கியில், கடற்கரையில் காதலர்கள் கைகோத்துத் திரிவதாக வரும் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. பாட்டுக்கு நடுவே அலை ஓசை வேறு. பக்கத்துப் பெட்டியில் இருந்த சிறுமி ஒருத்தி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்து, "அம்மா, கடல் எங்க இருக்கு?" என்று கேட்டாள். அந்த அம்மா கொஞ்சமும் தயங்காமல், கோரிப்பாளையத்து விளக்குகளுக்கு அப்பால் கறுப்பாகத் தெரிந்த ஒரு பட்டையைச் சுட்டிக்காட்டி, "அந்தா தெரியுதுல்ல, அதுதான்" என்றார்.

அழகருக்காகத் திறந்துவிட்ட தண்ணீரும் வடிந்து, வெறும் மணலாகக் கிடந்த வைகை அது. அந்தப் பிள்ளை அதை நோக்கிக் கையசைத்தது.

பாட்டு தொடங்கிவைத்த பொய்யை அந்த அம்மா முடித்துவைத்தார் என்றுதான் எனக்கு இன்றுவரை படுகிறது. கடற்கரைக் கேளிக்கை இடங்களைக் கொண்டாடும் பாட்டுகள், எந்த நாட்டில் எழுதப்பட்டவையானாலும், வேலை முடிந்து பேருந்தில் தொங்கிக்கொண்டு வீடு திரும்புகிற நகரத்து மனிதனிடம் அவன் போக முடியாத இடத்தைக் காட்டி ஆசை மூட்டுகின்றன என்பது என் கட்சி. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

காளவாசல் இரவுப் பணி

அமெரிக்க மருத்துவமனைகளின் ரசீதுகளுக்குக் குறியீடு போடும் வேலை. எங்களுக்கு இரவுதான் பகல். வேலை முடிந்து அதிகாலையில் வீட்டில் விடுகிற வண்டியில் ஒருநாள், டிரிஃப்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக் குழுவினர் 1964இல் பாடிய 'அண்டர் தி போர்ட்வாக்' பாட்டைக் கைப்பேசியில் போட்டுவிட்டேன். கடற்கரையை ஒட்டி மரப்பலகைகளால் அமைத்த நீண்ட நடைமேடையின் அடியில், வெயிலுக்கு ஒதுங்கிய காதலர்கள் போர்வை விரித்துக் கிடப்பதாகப் போகும் பாட்டு அது. தலைக்கு மேலே ஊர் நடந்துகொண்டிருக்கும், கீழே இவர்கள் இருவர் மட்டும் இருப்பார்கள். ஓட்டுநர் அண்ணன் மெட்டைப் பிடித்துக்கொண்டு விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி, "என்னமோ கீழ, கீழங்கிறானே, எதுக்குக் கீழ சார்?" என்று கேட்டார். நான் விளக்கினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம வைகை ஏ.வி. பாலத்துக்கு அடியில ஒதுங்குற மாதிரியா? அங்க ரெண்டு நிமிசம் நிக்க முடியாதே சார், அந்த நாத்தத்துல எவன் பாட்டுப் படிப்பான்?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. அந்தப் பாட்டு எந்தச் சூழலில் உருவானது என்று பிறகு தேடிப் படித்தேன். ஒலிப்பதிவுக்கு முந்தின இரவில்தான், அதைப் பாட வேண்டியிருந்த ரூடி லூயிஸ் இறந்துபோனார்; மறுநாள் மே 21 அன்று அவருக்குப் பதிலாக ஜானி மூர் பாடினார். பாட்டில் ஊர்ப்பெயர் கிடையாது என்றாலும் நியூயார்க்காரர்கள் பலருக்கு அது அவர்கள் நகரத்துக் கடற்கரையான கோனி தீவுதான். அங்கே 1897 முதல் நடந்துவந்த ஸ்டீபிள்சேஸ் என்ற கேளிக்கைப் பூங்கா, பாட்டு வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டோடு மூடப்பட்டது. 1990களில் கரையரிப்பைத் தடுக்க மணலைக் கொட்டிக் கடற்கரையை உயர்த்தியபோது நடைமேடையின் அடிப்பகுதியும் பெரும்பாலும் மணலால் அடைபட்டுவிட்டது என்பதால், பாட்டில் வருகிற அந்த நிழலில் இன்றைக்கு அந்த ஊர்க்காரர்களும் ஒதுங்க முடியாது. தல்லாகுளம் வாசி சொல்வதுபோல் அது போக முடியாத இடம்தான். ஆனால் நமக்கு மட்டும் அல்ல.

ஹார்விபட்டிக்காரர்

தல்லாகுளம் வாசியின் கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். போக முடியாதவனுக்காக அல்ல, வருடத்தில் ஒரே ஒரு முறை போக முடிந்தவனுக்காக எழுதப்பட்ட பாட்டுகள் அவை. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி முழுவதும் நம் ஊர் மில்களைப் போன்ற பஞ்சாலைகள் நிறைந்திருந்த காலத்தில், ஒவ்வொரு மில் நகரத்துக்கும் கோடையில் ஒரு வாரம் ஒட்டுமொத்த விடுமுறை உண்டு. அந்த வாரத்தில் புகைபோக்கிகள் புகைவதில்லை, சங்கு ஊதுவதில்லை, தெருவே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். ஒரு நகரம் திரும்பும்போது அடுத்த நகரம் கிளம்பும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் 1894இல் அங்கே ஈபிள் கோபுரத்தின் சாயலில் 518 அடி உயரத்துக்குக் கோபுரம் எழுப்பினார்கள். கடலோரத்தில் இருப்பது எவ்வளவு பிடிக்கும் என்று பாடும் 1907ஆம் ஆண்டு மேடைப் பாட்டு ஒன்று உண்டு. கோபுரத்தின் நடன மண்டபத்தில் 1930 முதல் 1970 வரை ஆர்கன் என்ற கட்டை வைத்த பெரிய இசைக்கருவியை வாசித்த ரெஜினால்ட் டிக்சனுக்கு அதுவே அடையாள மெட்டாக இருந்தது.

இப்போது என் கதை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் எங்கள் சித்தப்பா மகன் அந்த மண்டபத்தில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தான். பொன் வேலைப்பாடு செய்த மேடையில் ஒருவர் ஆர்கன் வாசிக்க, வயதான தம்பதியர் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தார்கள். மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் நின்றே ஆயுளைக் கழித்த என் அப்பா, பஞ்சுத் தூசி ஏறிய இருமலோடு, கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் முழுதும் பார்த்தார். மில்காரர்கள் ஒரு வாரம் விடுமுறையில் வந்து ஆடிய இடம் இது என்று சொன்னேன். மண்டபத்தைப் பற்றியோ கடலைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. "அந்த வாரத்துக்குக் கூலி உண்டா?" என்றார்.

பிறகு தேடிப் பார்த்ததில், நெடுங்காலம் கூலி கிடையாது என்றும், தொழிலாளர்கள் சேமிப்புச் சங்கம் வைத்து வாராவாரம் காசு கட்டிச் சேர்த்துத்தான் போனார்கள் என்றும், சம்பளத்தோடு விடுமுறைக்கான சட்டம் 1938இல்தான் வந்தது என்றும் தெரிந்தது. அதை அப்பாவிடம் சொன்னபோது, "அதானே" என்று தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு தடவை பாட்டைப் போடச் சொன்னார்.

தல்லாகுளம் வாசி

ஹார்விபட்டிக்காரருக்கு: உங்கள் அப்பாவின் கேள்வி என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. வாராவாரம் கட்டிய காசையும் கூலியில்லாத ஏழு நாளையும் எந்த வரியில் பாடினார்கள்?

ஹார்விபட்டிக்காரர்

கட்டிய காசைப் பாட்டிலும் கேட்க வேண்டும் என்று எந்தத் தொழிலாளி ஆசைப்படுவார்? அதற்குத்தான் சம்பளச் சீட்டு இருக்கிறதே.

பரமக்குடி சாலைப் பயணி

பெரியப்பாவின் அஸ்தியை அக்னி தீர்த்தத்தில் கரைக்க ராமேசுவரம் போய்க்கொண்டிருந்தோம். மானாமதுரை தாண்டியதும் ஓட்டுநர் மெரினாவில் ஆடிப் பாடும் பாட்டு ஒன்றைப் போட, பெரியம்மா மடியில் இருந்த மண்கலயத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "கடலுக்குக் காரியம் பண்ணப் போறோம், செத்த நேரம் நிறுத்துங்கப்பா" என்றார். நடத்துநர் ஓடிப்போய் நிறுத்தினார். முன்இருக்கைப் பையன்கள் திரும்பிப் பார்த்து முனகினார்கள்.

அது இருக்கட்டும். முதலில் எழுதியவர் சொன்ன அந்த அம்மாவைப் போன்ற பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மதுரையிலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். பிள்ளைக்கு வைகையைக் காட்டிக் கடல் என்பதை விட, அதிகாலை ரயிலில் ஏற்றிச் சன்னலோரம் உட்காரவைத்தால், பாம்பனில் இருபக்கமும் கடல் தானாகவே வந்துவிடும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் ரயில் போகிறது. பக்கத்திலேயே இருந்த 1914ஆம் ஆண்டுப் பழைய பாலத்தைப் பற்றியும் சொல்லலாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் மட்டும் போக வேண்டாம். தீர்த்தமாட வரும் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும். குளிக்க ஆசைப்பட்டால் வழியிலேயே உச்சிப்புளியில் இறங்கி அரியமான் கடற்கரைக்குப் போவது நல்லது. அங்கே அலை அடங்கியிருக்கும், சவுக்கு மர நிழலும் உண்டு. தனுஷ்கோடியில் தண்ணீரில் இறங்கவே கூடாது. அங்கே நீரோட்டம் கணிக்க முடியாதது. காளவாசல்காரர் குறிப்பிட்ட அதே 1964ஆம் ஆண்டின் டிசம்பர் 22 இரவில் வந்த புயல், அந்த ஊரையும் அதை நோக்கிப் போன பாம்பன் ரயிலையும் கொண்டுபோனதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், ஆனால் திரும்பும்போது சொல்லுங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். மாற்றுத்துணியைத் தனிப் பையில் வையுங்கள். வெயில் ஏறுவதற்குள் மணலை விட்டு வந்துவிடுங்கள்.

எஸ்.எஸ். காலனி

புளிசாதம் வரைக்கும் சொன்னதற்கு நன்றி, இங்கே யாரும் வழி கேட்கவில்லை. ஆனால் உங்கள் பெரியம்மாவின் ஒரு வாக்கியத்தில் இந்தப் பேச்சுக்கே விடை இருக்கிறது. நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் கடல்கள் ராமேசுவரமும் திருச்செந்தூரும். இரண்டும் முழுக்குப் போடுகிற கடல்கள், மொட்டை போடுகிற கடல்கள். பலூன் சுடும் கடைகள் அங்கேயும் இருக்கின்றன என்றாலும் கேளிக்கைக்காகக் கடலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நம் வீடுகளில் யாரும் கிளம்புவதில்லை. ஆகவே நம் சினிமாப் பாட்டு ஆட்டம் போட வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்தச் சென்னையையும் எல்லாரும் சும்மா கொண்டாடிவிடவில்லை; 1967இல் வந்த 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் நாகேஷ் நகரத்தின் அவசரத்தைக் கண்டு வியந்தும் கிண்டலடித்தும் பாடுகிற பாட்டைத் தல்லாகுளம் வாசி கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். ஆசை மூட்டுவது ஒன்றே பாட்டின் வேலை என்றால் அது எந்தக் கணக்கில் சேரும்?

எனக்கு நேர்ந்தது பள்ளிச் சுற்றுலாவில். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காவில், யார் சிரிக்கவைக்கப் பார்த்தாலும் அசையாமல் சிலைபோல நிற்பதையே வேலையாகச் செய்த ஒருவர் இருந்தாரே, அவர் முன்னால் எங்கள் வகுப்பே கூடிக் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில், கடலையும் காற்றையும் கூப்பிட்டுக் குதிக்கச் சொல்லும் துள்ளல் பாட்டு. நான் உயரம் குறைந்தவன் என்பதால் முன்வரிசையில், அவருடைய தாடைக்கு நேர் கீழே நின்றிருந்தேன். காதோரத்தில் கிளம்பிய ஒரு வியர்வைத் துளி மீசை ஓரம் வந்து, தாடையில் தொங்கி, கழுத்துப்பட்டைக்குள் இறங்கியது. அவர் கண்ணிமைகூட அசையவில்லை. பாட்டில் எல்லாரும் ஆடுகிறார்கள், அந்த இடத்தில் ஆடாமல் நிற்பதற்கு ஒருவருக்குச் சம்பளம். நான் இன்று ஒரு துணிக்கடையின் கணக்குப் பிரிவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறேன்; தீபாவளி நெருக்கத்தில் வாசலில் நின்று நாள் முழுதும் கும்பிடுகிற பணியாளர்களைக் கடந்து உள்ளே போகும்போதெல்லாம் அந்தத் துளிதான் நினைவுக்கு வருகிறது. கடையில் அப்போதும் ஏதாவது கடற்கரைப் பாட்டு ஓடும்.

சிம்மக்கல் பழைய புத்தகம்

கேளிக்கை ஊரில் கூலிக்கு உட்கார்ந்திருப்பவரையும் பாடிய பாட்டு உண்டு என்பதற்காக மட்டும் எழுதுகிறேன். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1973இல் நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க் கடற்கரையை வைத்துப் பாடியதில், நடைமேடையில் குறி சொல்லும் மேடம் மேரி வருவார். போலீஸை விட நன்றாக எதிர்காலம் சொல்லிவிட்டதற்காக அவரைப் பிடித்துப் போய்விட்டார்களாம். மேரி கற்பனை இல்லை. 1932 முதல் அங்கே கடை போட்டிருந்தவர், 2008 வரை வாழ்ந்தவர்.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் இந்தக் கதையை, ஆற்றோரம் மரத்தடியில் உட்காரும் கிளி ஜோசியரிடம் என் எதிரிலேயே சொன்னாள். அவருக்கு ஸ்பிரிங்ஸ்டீனும் தெரியாது, ஆஸ்பரி பார்க்கும் தெரியாது. "குறி சொன்னதுக்கா பிடிச்சாங்க? எங்கள கிளி வச்சிருந்தாத்தான் பிடிப்பாங்க பாப்பா" என்றார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம் என்பதால் அவர் கிளியைப் பறக்கவிட்டுவிட்டாராம். ஆனால் கூண்டு அதே இடத்தில், துடைத்த கம்பிகளோடு, நெல் போடும் கிண்ணத்தோடு வெறுமையாக இருந்தது. அவள் பெயரைச் சொன்னதும் வழக்கம்போலக் கூண்டுக் கதவைத் திறந்து, ஒரு கணம் காத்திருந்து, மூடிவிட்டு, சீட்டுக்கட்டிலிருந்து தானே ஒன்றை உருவினார்.

அவளுக்குச் சமயபுரத்தாள் சீட்டு வந்தது. கடல் தாண்டும் யோகம் உண்டு என்றார். கிளி இல்லாததற்குக் கட்டணத்தில் ஏதேனும் கழிவு உண்டா என்று கேட்டேன். கிளிக்குப் போட்ட நெல்லைவிடத் தன் மூக்குக் கண்ணாடிக்குச் செலவு அதிகம் என்று சொல்லி, பத்து ரூபாய் கூட்டி வாங்கிக்கொண்டார்.