புரோகால்சிட்டோனின் (பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் கூடும் ஒரு பொருள்) குறைவாக வந்தால் செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) இல்லை என்று கொள்ளலாமா?

கேள்வி (அவசரப் பிரிவு மருத்துவர்):
வணக்கம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவரும் 68 வயது அம்மா ஒருவர், காலையில் குளிர் நடுக்கத்துடன் தொடங்கிய காய்ச்சலோடும் நீர்க்கடுப்போடும் மதியத்துக்கு முன்பே எங்களிடம் வந்தார். மூச்சு நிமிடத்துக்கு 26, ரத்த அழுத்தம் 96/60, பேச்சில் லேசான குழப்பம். லாக்டேட் (திசுக்களுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) லிட்டருக்கு 3.1 மில்லிமோல் இருந்தும், புரோகால்சிட்டோனின் மில்லிலிட்டருக்கு 0.3 நானோகிராம்தான் வந்தது. அது 0.5-க்குக் கீழே இருப்பதால் ஆறு மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்றார் உடன் பணிபுரிபவர். எனக்கு மனம் ஒப்பாததால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டேன். இனி இப்படி வந்தால் எந்த முடிவை நம்புவது?

பதில் (தீவிர சிகிச்சை மருத்துவர்):
தொடங்கியது சரிதான், டாக்டர். தொற்று ரத்தத்தைத் தாக்கிய பிறகு புரோகால்சிட்டோனின் ஏறத் தொடங்கவே சில மணி நேரம் பிடிக்கும், சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) அதைவிடவும் மெதுவாக ஏறி, ஏறத்தாழ இரண்டாம் நாளில்தான் உச்சத்தைத் தொடும். நோயாளி சீக்கிரமே வந்துவிட்டால், குறைந்த அளவு நம்மை ஏமாற்றிவிடும். மறுபுறம், பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம் போன்றவற்றில் தொற்றே இல்லாமலும் அது கூடும். மருந்தை எப்போது தொடங்குவது என்பதை இந்தச் சோதனையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம் என்றுதான் 2021-இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் சொல்கிறது. மூச்சு, அழுத்தம், நினைவு மூன்றுமே மாறியிருக்கும் ஒருவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியிருக்க வேண்டும்.

பதில் (ஆய்வக உயிர்வேதியியலாளர்):
லாக்டேட் பற்றி ஒரு சொல். மாதிரிக் குழாய் மேசையில் கிடக்கும் நேரமெல்லாம் சிவப்பணுக்கள் குளுக்கோஸைச் சிதைத்து லாக்டேட்டைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே சாம்பல் மூடியுள்ள ஃபுளோரைடு குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்புங்கள். ஏபிஜி (தமனி ரத்த வாயு) கருவி அருகிலேயே இருந்தால் இன்னும் நல்லது. சால்பியூட்டமால் நெபுலைசேஷன் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை ஆவியாகத் தருவது), வலிப்பு, கல்லீரல் நோய், அரிதாக மெட்ஃபார்மின் ஆகியவையும் அளவை உயர்த்தக்கூடும். ஆனாலும் இந்த அம்மாவின் நிலையில் 3.1-ஐ மாத்திரையின் மேல் போட்டுவிட்டு நகர முடியாது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சலைன் ஏற்றிய பின் அழுத்தம் தேறியது, லாக்டேட்டும் 1.8-க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் புரோகால்சிட்டோனின் கேட்பதே வீண் செலவா?

பதில் (தீவிர சிகிச்சை மருத்துவர்):
இல்லை, அதன் பயன் மருந்தை நிறுத்தும் நேரத்தில் இருக்கிறது. உச்ச அளவிலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-ஐ எட்டினாலோ நிறுத்தலாம் என்ற முறையை நெதர்லாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை. நாளைக் காலை ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். உச்சம் அப்போதுதான் தெரியும், பின்னால் வரும் அளவுகளை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.