உகியோ-எ அச்சுப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

தூரிகை:
எதோ நகரத்து (இன்றைய டோக்கியோ) எளிய மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய உகியோ-எ மரக்கட்டை அச்சுப்படங்களைவிட நல்ல சாட்சி இல்லை என்பேன். உகியோ-எ ஓவியர் உடமாரோவின் சமையலறைப் படத்தில் ஒருத்தி ஊதாங்குழலால் அடுப்பை ஊதுகிறாள். இன்னொருத்தி புகை தாளாமல் கண்ணைச் சுருக்குகிறாள். அரண்மனை ஓவியர்களில் யார் இதை வரைந்தார்கள்?

மைத்துளி:
சாட்சி என்ற சொல் மிகை. பதிப்பாளர்கள் பணம் போட்டு, விற்பனைக்காக அச்சிட்ட சரக்கு அது. எதோ நகரத்துப் பரத்தையர் பகுதியான யோஷிவாராவில் இருந்த பெண்களின் பட்டாடைகளில் மடிப்பு மடிப்பாக அழகு தெரிகிறது. குடும்பக் கடனுக்காகச் சிறுவயதிலேயே விற்கப்பட்டவர்கள் அவர்களில் பலர் என்பது தெரிகிறதா? அச்சுப்பட்டறையையே உடமாரோ 1803 வாக்கில் வரைந்தார். அதில் கட்டை செதுக்குபவர்கள் எல்லாம் அழகிய பெண்கள்! உண்மையில் அது ஆண்கள் செய்த தொழில். சொந்தத் தொழிலையே இப்படிக் காட்டியவரை எப்படி நம்புவது?

தூரிகை:
ஆட்களை மாற்றினார், ஒப்புக்கொள்கிறேன். வேலையை மாற்றவில்லையே! அதே படத்தில் உளியைத் தீட்டுகிறார்கள், தாளுக்குப் படிகாரமும் பசையும் கலந்த பூச்சு பூசுகிறார்கள். அழகிய முகங்கள் படம் வாங்குபவருக்காக. கருவிகளை உடமாரோ கண்ணால் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்.

கயல்:
கருவிகளோடு நின்றால் சரி. இன்னொரு உகியோ-எ ஓவியர் ஹிரோஷிகேயைப் பாருங்கள். 1855 நிலநடுக்கத்தில் எதோ நகரம் சிதைந்தது. அடுத்த ஆண்டே நகரக் காட்சிகளின் வரிசையைத் தொடங்குகிறார். 1857இல் வந்த பாலத்து மழைப்படம் எனக்கும் உயிர். ஆனால் அந்த வரிசையில் இடிபாடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தூரிகை:
இடிபாடு வேண்டுமானால் நமாசு-எ இருக்கிறதே! பூமியை அசைப்பதாக நம்பப்பட்ட பெருங்கெளுத்தி மீனை வைத்து, நிலநடுக்கம் வந்த சில நாட்களிலேயே அச்சிட்டு விற்ற படங்கள். மீனை மக்கள் அடித்துத் துவைக்கிறார்கள். மறுகட்டுமானத்தில் கூலி கொழித்த தச்சர்கள் அதே மீனோடு விருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைய தெருவின் கோபமும் பொறாமையும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

மைத்துளி:
நீங்களே என் பக்கம் பேசிவிட்டீர்கள். நமாசு-எ படங்களில் பெரும்பாலும் ஓவியர் பெயரும் இல்லை, தணிக்கை முத்திரையும் இல்லை. அரசு அவற்றைத் தடை செய்து கட்டைகளையும் அழித்தது. முத்திரை வாங்கி, பெயர் போட்டு வந்த படங்களில் எதை வரைய விடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்காமல், அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.